மொட்டைமாடியில் தொடங்குங்கள்: ஒயர்லெஸ் மேற்படிப்புக்கு ஒரு வழிமுறை

மே மாதம் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, இ.சி.இ. முடிச்சாச்சு. கம்யூனிகேஷன்ல எம்.இ. போடலாமா, இல்ல ஐ.டி.க்குப் போயிரட்டுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள். பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. ஆனால் ஒயர்லெஸ் துறைக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் கல்லூரிப் பெயரில் தொடங்குகிறார்கள். நான் சொல்லப்போவது தலைகீழ் வரிசை. எந்த வேலை என்பது முதலில், அதைக் கற்றுத்தரும் ஆய்வகம் எது என்பது அடுத்து, கல்லூரிப் பெயர் கடைசியில்.

படி 1: போனில் சிக்னலை எண்ணாகப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடியுங்கள். பல போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் நெட்வொர்க் செல் இன்ஃபோ மாதிரி இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். அலகு டி.பி.எம். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்ல சிக்னல்.

இரணியல் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மைனஸ் 84. படியிறங்கி அடுக்களைக்குள் போனால் மைனஸ் 111. வித்தியாசம் 27 டெசிபல்தானே என்று தோன்றும். 10 டெசிபல் குறைந்தால் வந்துசேரும் பவர் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. 27 குறைந்தால் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. அம்மா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவதன் காரணம் அந்த ஐந்நூறு.

இதையே வீட்டுக்குள், ரப்பர் தோட்டத்துக்குள், கடற்கரையில் என்று பத்து இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்போது ஆப்பைத் திறந்து வைத்திருந்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: இந்தியாவைக் குறிக்கும் 404 அல்லது 405-க்குப் பின்னால் வரும் நெட்வொர்க் எண் மாறிவிடும். அதே கம்பெனிதான், ஆனால் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

இந்த வேலை ஒரு வாரத்தில் சலித்துப் போனால் பரவாயில்லை, நீங்கள் ஐ.டி.க்கே போகலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். "ஏன் இப்படிக் குறையுது?" என்று தூக்கம் கெட்டால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: இரண்டே இரண்டு கணக்கு

முதல் கணக்கு. திறந்தவெளியில் சிக்னல் இழப்பு, தூரத்தின் வர்க்கத்தோடும் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடும் கூடுகிறது. டெசிபலில் எழுதினால் 32.44 + 20 லாக் தூரம் + 20 லாக் அதிர்வெண். தூரம் கிலோமீட்டரில், அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில். ஒரு கிலோமீட்டருக்கு 700 மெகாஹெர்ட்ஸைப் போட்டால் சுமார் 89 டெசிபல் வரும். 3500-ஐப் போட்டால் 103. ஒரே தூரம், 14 டெசிபல் கூடுதல் இழப்பு. 5ஜி நகரத்துக்குள் பறப்பதும் தோட்டத்துக்குள் தவழ்வதும் ஏன் என்பதில் பாதி இங்கேயே விளங்கிவிடும். மீதிப் பாதி இலை, சுவர், மலை.

இரண்டாவது கணக்கு கடலுக்கானது. படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும்? இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். படகில் 5 மீட்டர், கரையில் 30 மீட்டர் என்றால் 2.24 + 5.48 = 7.72. பெருக்கினால் ஏறக்குறைய 32 கிலோமீட்டர். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும், எவ்வளவு பவர் கொடுத்தாலும் பெரிய பயனில்லை.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் இந்த 32 கிலோமீட்டரை எங்கேயோ தாண்டிப் போய் வாரக்கணக்கில் தங்குபவை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கரையிலிருந்து அவர்களை எட்ட முடியாமல் போனதற்கு இந்தச் சின்னக் கணக்கும் ஒரு காரணம். 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. இதை நினைவில் வையுங்கள், படி 6-இல் மறுபடி வரும்.

படி 3: எந்த அடுக்கு உங்களுடையது?

ஒயர்லெஸ் வேலை என்பது ஒற்றை வேலை கிடையாது. கீழிருந்து மேலே பார்ப்போம்.

ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசைச் சுற்றுகள்) மற்றும் ஆன்டெனா: மின்காந்தவியல் பிடிக்க வேண்டும், சாலிடரிங் கை வேண்டும். ஆன்டெனாவையும் சுற்றுகளையும் அளக்கும் நெட்வொர்க் அனலைசர் கருவியைத் தொட்டுப் பழகிய ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் மதிப்பு உண்டு. இஸ்ரோ, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்), பாதுகாப்பு ஆய்வகங்கள் என்று போகலாம்.

பிசிக்கல் லேயர்: சிக்னலைப் பிட்டாக, பிட்டைச் சிக்னலாக மாற்றும் கணக்கு. நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். முதுநிலைப் படிப்பு உண்மையிலேயே வித்தியாசம் காட்டும் இடம் இதுதான். பல ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைவரிசையில் பல தரவோட்டங்களை அனுப்பும் மைமோ இன்று எல்லா 4ஜி, 5ஜி போனிலும் இருக்கிறது. அதன் முன்னோடியான ஆரோக்கியசாமி பால்ராஜ் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் சோனார் செய்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். 2014-இல் மார்க்கோனி பரிசு வாங்கினார். கடலுக்கடியில் ஒலியைப் பிரித்தறிந்த மூளைதான் காற்றில் அலையைப் பிரித்தது.

புரோட்டோகால்: போனும் டவரும் பேசிக்கொள்ளும் மொழி. சி, சி++ நன்றாக வர வேண்டும். ஆட்கள் அதிகம் தேவைப்படுவது இங்கேதான் என்பது என் அனுபவம். பெங்களூரில் குவால்காம், நோக்கியா, சாம்சங். சென்னையில் எரிக்சன், குவால்காம் என்று கதவுகள் பல. மொபைல் நெட்வொர்க்குகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். 38.300 என்ற எண்ணுள்ளதைத் திறந்து முதல் இருபது பக்கம் படியுங்கள். தலை சுற்றும், எல்லோருக்கும் சுற்றியதுதான்.

ஃபீல்டு மற்றும் பிளானிங்: காரில் லேப்டாப்போடு ஊர் சுற்றி அளப்பது, டவருக்கு இடம் பார்ப்பது, ஆன்டெனாவைச் சாய்ப்பது. நம் ஊர்க்காரர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். இதற்கு எம்.இ. தேவையில்லை. இரண்டு வருடமும் கட்டணமும் மிச்சம்.

அதேபோல, யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வு எழுதி இந்தியத் தொலைத்தொடர்புப் பணிக்குப் போக நினைப்பவருக்கும் பி.இ. போதும்.

படி 4: கையில் அழுக்குப் படியட்டும்

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. பி.இ. கடைசி வருடம் வகுப்பில் பாதிப்பேர் போல நானும் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ஓ.எஃப்.டி.எம். (தரவைப் பல சிறு அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை) ப்ராஜெக்ட் ஒன்றை வாங்கினேன். சி.டி., அறிக்கை, பைண்டிங் எல்லாம் அவர்களே. முதல் நேர்காணலில் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ப்ராஜெக்ட்ல சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் எவ்வளவு? ஏன் அவ்வளவு?" எனக்கு வேர்த்துக் கொட்டியது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

விடை எளிது. குமாரகோவிலில் நிற்கிறீர்கள். டவரிலிருந்து அலை நேராகவும் வருகிறது, வேளிமலையில் மோதித் திரும்பியும் வருகிறது. திரும்பி வந்தது கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தல் அடுத்த சின்னத்தின் (சிம்பல், அதாவது தரவைச் சுமக்கும் ஒரு துண்டு அலை) மேல் ஏறிக் குழப்பாமல் இருக்க, ஒவ்வொரு சின்னத்துக்கு முன்னாலும் விடும் பாதுகாப்பு இடைவெளிதான் சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ். சின்னத்தின் வால்பகுதியையே நகலெடுத்து அந்த இடைவெளியில் ஒட்டுவார்கள். 4ஜியில் வழக்கமான அளவு சுமார் 4.7 மைக்ரோ செகண்ட். அதற்குள் அலை ஓடும் தூரம் 1.4 கிலோமீட்டர். ஆக, எதிரொலி நேர்ப்பாதையைவிட 1.4 கிலோமீட்டர் வரை கூடுதலாகச் சுற்றி வந்தாலும் சமாளித்துவிடலாம். இதை அன்று சொல்லியிருந்தால் கதையே வேறு.

அதனால் சின்னதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்யுங்கள். ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்று பென் டிரைவ் அளவில் ஒரு ரிசீவர் கிடைக்கும். லேப்டாப்பில் செருகி, ஜி.என்.யு. ரேடியோ என்ற இலவச மென்பொருளில் நாகர்கோவில் வானொலியின் 101 மெகாஹெர்ட்ஸைத் திறந்து பாருங்கள். திரையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு மேடு எழும்பி, பாட்டுக்கேற்ப ஆடும். ஃபோரியர் பாடம் நான்கு செமஸ்டரில் புரியாதது அந்த ஒரு சாயங்காலத்தில் எனக்குப் புரிந்தது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும். அனுப்பும் கருவி எதையும் லைசென்ஸ் இல்லாமல் இயக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டேவிட் கோயில்பிள்ளையின் ஒயர்லெஸ் விரிவுரைகள் இலவசமாக இருக்கின்றன. பேப்பர் பேனாவோடு உட்காருங்கள். வெறுமனே பார்த்தால் தூக்கம்தான் வரும்.

படி 5: கேட், பிறகு கல்லூரி

எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வில் இ.சி. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) தாள்: 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். தேர்வு பிப்ரவரியில் என்றாலும் விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்துவிடும். நம் பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான். எண் விடை எழுதும் கேள்விகளுக்குத் தவறான விடைக்கும் மதிப்பெண் கழிவது கிடையாது, அதனால் அவற்றை விடாதீர்கள். கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரமுள்ள இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. வீட்டில் கையேந்தாமல் படிக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஐ.ஐ.டி.க்களின் சேர்க்கை அழைப்புகள் கோப் தளம் வழியாகவும், என்.ஐ.டி.க்களின் கலந்தாய்வு சி.சி.எம்.டி. வழியாகவும் நடக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு 2023 முதல் சீட்டா தேர்வும் டான்கா கலந்தாய்வும். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவை கம்யூனிகேஷனுக்குப் பழைய பெயர்கள். கோழிக்கோடு என்.ஐ.டி.யில் டெலிகம்யூனிகேஷன் தனிப் பிரிவாகவே இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி, திருவனந்தபுரம் பக்கம். வலியமலையில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி. விண்வெளித் துறையின் கீழ் வருகிறது, ஆர்.எஃப். மற்றும் மைக்ரோவேவில் எம்.டெக். உண்டு. சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற நாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எட்டிப் பார்ப்பதில்லை.

இனி கல்லூரியை எடைபோடும் விதம். இணையதளத்தில் துறைத் தலைவரின் வாழ்த்துரையைத் தாண்டி, பேராசிரியர் பக்கத்துக்குப் போங்கள். கடைசி மூன்று வருடத்தில் என்ன கட்டுரை வந்திருக்கிறது? ஆய்வகத்தில் என்ன கருவி? சீனியர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: "அந்தக் கருவி பூட்டியிருக்குமா, திறந்திருக்குமா?" விலையுயர்ந்த கருவிக்கு உறை போட்டு, பொட்டு வைத்து, ஆயுத பூஜைக்கு மட்டும் திறக்கும் ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாடு என்றால்: பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகம் 2018-இலேயே 6ஜி ஆய்வில் இறங்கிவிட்டது, ஒயர்லெஸுக்கென்றே முதுநிலைப் படிப்பு வைத்திருக்கிறது. சுவீடனில் லுண்ட். இரண்டு நாடுகளிலும் நமக்குக் கட்டணம் உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்குமுன் நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டவேண்டும். ஏஜென்ட் "எல்லாம் ஃப்ரீ" என்றால் இந்த எண்ணைச் சொல்லி, முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

படி 6: ஆய்வுத் தலைப்பை ஊரிலிருந்தே எடுங்கள்

எம்.இ. முடித்தபின் நேர்காணலில் பேசப்படுவது பெரும்பாலும் உங்கள் ஆய்வேடுதான். சேர்ந்த முதல் மாதமே தலைப்பைத் தேடத் தொடங்குங்கள். எல்லோரும் எடுக்கும் தலைப்பை எடுத்தால் எல்லோரும் கேட்கும் கேள்விதான் வரும்.

நம் ஊரில் கிடப்பதைப் பாருங்கள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் இலையுதிரும் காலத்துக்கும் தளிர்க்கும் காலத்துக்கும் சிக்னல் எவ்வளவு மாறுகிறது? ஆரல்வாய்மொழிக் காற்றாலை இறக்கைகள் சுற்றும்போது அலை எப்படித் துடிக்கிறது? படகுக்குப் படகு சிக்னலைக் கைமாற்றிக் கரை சேர்க்கும் வலைப்பின்னல் எத்தனை படகு இருந்தால் தாங்கும்? படி 2-இல் சொன்ன ஒருவழிப் பாதைக்குத் திரும்பும் வழி ஒன்றை யோசிக்கலாம். ஆழ்கடலிலிருந்து பத்து எழுத்து அனுப்பினால்கூடப் போதும். அதற்கு எவ்வளவு பவர், எவ்வளவு பேட்டரி, ஆடும் படகில் எந்த வடிவ ஆன்டெனா என்று உட்கார்ந்தால் இரண்டு வருடம் போதாது.

பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். படி 1-இல் நோட்டில் எழுதிய பத்து அளவுகளைப் படமாக வரைந்து இணையுங்கள். கீழே ஒரே ஒரு கேள்வி: இந்த மூன்றாவது இடத்தில் மட்டும் ஏன் கணக்குக்கு ஒத்துவரவில்லை? போன வருடம் கொல்லங்கோட்டுத் தம்பி ஒருவன் அப்படித்தான் அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது, அதுவும் இரண்டே வார்த்தையில்: "எந்த போன்?"