தலைமைப் பதவியை நாடும் ஆசிரியைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துப் பள்ளிகளில் துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் கறுப்பின, தெற்காசிய ஆசிரியைகளுக்கு வழிகாட்டி வருகிறேன். என் தலைமுறையினர் இடறிய அதே இடங்களில் இளையவர்களும் இடறுவதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, நேரந்தவறுதல் போன்றவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி, இங்கிலாந்தின் அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களில் 85.7 விழுக்காட்டினர் வெள்ளைப் பிரித்தானியர், தலைமையாசிரியர்களிலோ 92.7 விழுக்காட்டினர். இந்த இடைவெளிக்குப் பாகுபாடு ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பழியை ஆசிரியைகள்மேல் சுமத்துவது என் நோக்கமன்று. அவர்கள் கையில் இருப்பவற்றை மட்டுமே இங்கே பேசுகிறேன்.

யாராவது அழைக்கட்டும் என்று காத்திருத்தல்

ஜமைக்காவிலிருந்து 1963இல் வந்த இவான் கானலி, 1969இல் லண்டன் இஸ்லிங்டனில் உள்ள ரிங் கிராஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரானபோது அவருக்கு வயது 29. பிரித்தானியாவின் முதல் கறுப்பினப் பெண் தலைமையாசிரியர் அவர். பள்ளியை எரித்துவிடுவதாக மிரட்டல் வந்தும் அவர் பதவியை விட்டு விலகவில்லை. இன்றோ, விளம்பரத்தில் கேட்கும் தகுதிகளில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஒதுங்கும் திறமைசாலிகளைக் காண்கிறேன். அந்த ஒரு தகுதி குறைந்த வேறொருவர் அதே பதவியில் அமர்ந்துவிடுகிறார்.

பெயரும் ஊதியமும் இல்லாத பொறுப்பை ஏற்றல்

என்னை இன்றும் சினங்கொள்ள வைக்கும் தவறு இதுதான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கணித ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பள்ளியில் தமிழ்ப் பெற்றோர் யார் வந்தாலும் மொழிபெயர்க்க அவரைத்தான் அழைப்பார்கள். பாடத் தயாரிப்புக்கென ஆசிரியரின் கற்பித்தல் நேரத்தில் குறைந்தது 10 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு அந்த நேரம் பெற்றோர் சந்திப்புகளிலேயே கரைந்தது. தீபாவளி நிகழ்ச்சியும் பன்முகத்தன்மைக் குழுவும் அவர் தலையில் விழுந்தன. அடம்பிடிக்கும் ஆசிய, கறுப்பினப் பிள்ளைகளை அமைதிப்படுத்தும் வேலையும் அவருக்கே வந்தது. எல்லாரும் அவரை மனமாரப் பாராட்டினார்கள்.

பிறகு துணைத் தலைமையாசிரியர் பதவிக்கான நேர்காணலில், பள்ளி நிர்வாகத்தை மேற்பார்வையிடும் ஆளுநர் குழு கேட்டது வேறு. வறிய மாணவர்களுக்காக 2011 முதல் அரசு தரும் பியூப்பில் பிரீமியம் நிதியை எப்படிச் செலவிடுவீர்கள், அதன் பலனை எப்படி அளப்பீர்கள், பாடவேளை அட்டவணையை எப்படி அமைப்பீர்கள் என்று கேட்டார்கள். அந்த நிதியின் கணக்கையோ அட்டவணையையோ அவரிடம் யாரும் ஒருநாளும் கொடுத்திருக்கவில்லை. அவற்றைக் கையாண்ட, அனுபவத்தில் இளைய சக ஆசிரியர் ஒருவருக்குப் பதவி கிடைத்தது.

பெற்றோருக்கு உதவுவது இழிவான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். மொழி தெரியாமல் அலுவலக வாசலில் தவிக்கும் ஒரு தாய்க்கு அது பேருதவி. ஆனால் பள்ளிக்கு அந்த உதவி தேவை என்றால், அதைப் பணி விவரத்தில் எழுதி, நேரம் ஒதுக்கி, டி.எல்.ஆர். எனப்படும் பொறுப்பு ஊதியத்தைப் பள்ளி தர வேண்டும். தர மறுத்தால், அந்த நேரத்தை மாணவர் தேர்ச்சி, நிதி, அட்டவணை ஆகியவற்றில் ஒன்றைக் கற்பதற்குக் கேட்டு வாங்குங்கள். “என் தயாரிப்பு நேரத்தில் இயலாது, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்” என்று பணிவோடு சொல்லலாம். முதல்முறை சொல்லும்போது முகங்கள் சுருங்கும். சுருங்கட்டும்.

சான்றிதழே கதவைத் திறக்கும் என்று நம்புதல்

தலைமையாசிரியருக்கான என்.பி.கியூ.எச். தகுதி 2012 முதல் கட்டாயமில்லை. படியுங்கள், அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளியை நேரில் பாராமல் விண்ணப்பித்தல்

செய்யாதீர்கள்.

தோல்விக்குப் பின் காரணம் கேளாமல் விடுதல்

கிடைக்கவில்லை என்ற செய்தி தொலைபேசியில் வந்தவுடன் நன்றி கூறி வைத்துவிடுகிறார்கள். எந்தக் கேள்வியில், எந்தப் பணியில் குறைவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அது பயன்படும். பணி நியமனத்தில் இனப் பாகுபாட்டை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடைசெய்கிறது. பதில் மழுப்பலாக இருந்து ஐயம் எழுந்தால், அந்த மின்னஞ்சலைத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். வழக்குத் தொடுப்பதற்குக் காலவரம்பு உண்டு.