கொழுந்துக் கணக்கு ஃபைலுக்குத் தானாகப் பெயர் வைக்கும் மேக்ரோ

தேயிலைத் தோட்ட ஆபிஸ் கம்பியூட்டரைத் திறந்தால் ‘கொழுந்து புதுசு’, ‘கொழுந்து கடைசி’, ‘கடைசி சரியானது’ என்று ஃபைல்கள் வரிசையாக நிற்கும். சம்பளக் கணக்கு முடிக்கும் இரவில் பிழையானதை எடுத்துவிட்டால் யாரோ ஒருவருடைய அரைப்பேர் விடுபட்டுப்போகும். அது அவருடைய பாதி நாள் கூலி. ஆகவே பெயரைக் கையால் தட்டவே கூடாது. எக்செலுக்குள் ஓடும் சிறு நிரலான மேக்ரோவே அதை வைக்கட்டும்.

எக்செலில் ‘அமைப்பு’ என்று ஒரு தாள் சேருங்கள். பி1 செல்லில் திகதி, பி2இல் டிவிஷன், பி3இல் எத்தனையாவது நிறுவை, பி4இல் ஃபோல்டரின் முழுப் பாதை. பாதை பின்சாய்கோட்டில் முடியவேண்டும். பி5இல் டெக்ஸ்ட் ஃபோர்முலாவால் பெயரைக் கோர்க்கவும்: 2025-03-07_மேற்பிரிவு_நிறுவை2. வருடம் முன்னால் நின்றால்தான் ஃபைல்கள் திகதி வரிசையில் நிற்கும். பி1 வெறுமையாக இருந்தால் பெயர் 1900-01-00 என்று தொடங்கும். மேக்ரோவின் முதல் வரியிலேயே அதைப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

மூல ஃபைலை, மேக்ரோவை வைத்திருக்கக்கூடிய எக்ஸ்எல்எஸ்எம் வகையாகச் சேமித்து, ஆல்ட்டுடன் எஃப்11 அழுத்தி, இன்சர்ட்டில், மேக்ரோ எழுதும் இடமான மொடியூல் எடுங்கள். பி4, பி5, ‘.எக்ஸ்எல்எஸ்எம்’ மூன்றையும் ஒட்டி, நகலை மட்டும் சேமிக்கும் திஸ்வொர்க்புக்கின் சேவ்காப்பிஆஸ் கட்டளைக்குக் கொடுக்கவேண்டும். சேவ்ஆஸ் வேண்டாம். அதைப் போட்டால் திறந்திருக்கும் ஃபைலே புதுப் பெயருக்கு மாறிவிடும். அடுத்த நிறுவை பழைய நகலுக்குள் போய் விழும். சேவ்காப்பிஆஸ் வகையை மாற்றாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடித்தால் அந்த நகல் பிறகு திறக்காது.

இன்னொன்று, அதே பெயரில் ஃபைல் இருந்தால் சேவ்காப்பிஆஸ் கேட்காமலே மேலெழுதிவிடும். முன்கூட்டியே பார்க்க ‘டிர்’ ஃபங்ஷனை நம்பவேண்டாம். தமிழ் எழுத்தை அது கேள்விக்குறியாக்கி, வேறு ஃபைலைக்கூடப் பொருத்தமென்று சொல்லும். ஃபைல்சிஸ்டம்ஒப்ஜெக்ட்டின் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் சரியாக வேலைசெய்யும். ஃபைல் ஏற்கெனவே இருந்தால் _2, _3 என்று கூட்டிக்கொண்டே போகட்டும். தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடும் என்பதால் மேக்ரோவுக்குள்ளும் தமிழ்ப் பெயர் எழுதாமல் செல்லிலிருந்தே எடுங்கள்.

1004 பிழை வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஃபோல்டர் இல்லை, அல்லது பெயரில் சாய்கோடு புகுந்திருக்கிறது. டிவிஷனோடு மலை இலக்கத்தை, அதாவது கொழுந்து பறிக்கும் பகுதியின் எண்ணை, 5/2 என்று எழுதும் பழக்கம் இருக்கிறதே, அங்கேதான் மாட்டும். சப்ஸ்டிடியூட் ஃபோர்முலாவால் அதை 5-2 ஆக்குங்கள்.

ஃபைலை மூடும்போது சேமிக்கும்படி வைக்கவேண்டாம். மழைக்காலத்தில் காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் அந்த மேக்ரோ ஓடவே ஓடாது. மொத்தக் கிலோவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் போட்டு, நிறுவை முடிந்த கையோடு அழுத்துங்கள்.

மற்ற டிவிஷனுக்கு ஈமெயிலில் அனுப்பினால் மேக்ரோ தடுக்கப்படும். அனுப்பியவர் யாரென்று நிச்சயமானால் மட்டும், ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸில் ‘அன்பிளொக்’ டிக் போடுங்கள்.

பாவனைக்குக் கொடுக்குமுன் பட்டனை அடுத்தடுத்து 2 தடவை அழுத்திப் பாருங்கள். ஃபோல்டரில் 2 ஃபைல் இருக்கவேண்டும், இரண்டும் திறக்கவேண்டும்.