வெனீர் ஒட்ட வீட்டிலேயே ஒரு வேக்யூம் பிரஸ்

பலகையின் மேல் வெனீரை, அதாவது மெல்லிய மரத் தாளை, கிளாம்ப் போட்டு ஒட்டினால் ஓரம் பிடிக்கும், நடுவில் பிடிக்காது. நடுவிலும் பிடிக்கத் தடிமனான பலகை, வளைந்த கட்டைகள், ஒரு டஜன் கிளாம்ப் என்று தேவைகள் கூடிக்கொண்டே போகும். வேக்யூம் பிரஸ்ஸில் இந்தப் பாடு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பலகையை வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால், வெளிக்காற்றே எல்லா இடத்திலும் ஒரே அளவில் அழுத்தும்.

எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால் நம்பவே மாட்டீர்கள். கடல் மட்டத்தில் காற்று ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ வீதம் அழுத்துகிறது. வேக்யூம் மீட்டர் 25 அங்குல பாதரசம் காட்டும்போது, 60 × 40 செ.மீ. பலகை ஒன்றின் மேல் ஏறும் பாரம் ஏறத்தாழ 2 டன். வெனீருக்கு 21 முதல் 25 அங்குலம் தாராளம். முழு வெற்றிடத்துக்கு நெருக்கமான 29-ஐத் தொட வேண்டும் என்று பெரிய பம்ப்பைத் தேடி அலையாதீர்கள், இந்த வேலையில் காசும் கவனமும் போக வேண்டிய இடம் கசிவை அடைப்பதுதான்.

பம்ப்

ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சின்ன ரோட்டரி வேக்யூம் பம்ப் போதும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் வேலை செய்யும், மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் ஆழமாக உறிஞ்சும். ஒரே நிபந்தனை: உள்ளே இருக்கும் கேஸை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான் எடுக்க வேண்டும், நீங்களாகக் குழாயை வெட்டாதீர்கள். நிறைய ஃப்ரிட்ஜ்களில் இப்போது இருப்பது ஆர்600ஏ, அது தீப்பிடிக்கிற வாயு. கம்ப்ரஸரோடு இருக்கும் ரிலேயையும் ஓவர்லோடையும் கழற்றாமல் அப்படியே வைத்து, எர்த் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது எந்தக் குழாய் விரலை இழுக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. காற்றை வெளியே தள்ளும் குழாயில் எண்ணெயும் கொஞ்சம் துப்பும், அதன் வாயில் ஒரு பாட்டில் வைத்தால் தரை தப்பிக்கும்.

ஹோஸும் வால்வுகளும்

சாதாரண மெல்லிய டியூப் வேக்யூமில் சப்பிப்போகும், அதனால் உள்ளே நூல் பின்னிய ஹோஸாக வாங்குங்கள். பம்ப்பிலிருந்து வரிசையாக ஒரு ஃபில்டர், ஒரு பால் (ball) வால்வு, அதன் பிறகு மீட்டர், கடைசியில் பை. வால்வுக்கும் பைக்கும் நடுவில்தான் மீட்டர் இருக்க வேண்டும், இதை மாற்றிப் போட்டால் வால்வை மூடியதும் பைக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதே பக்கத்தில் ஒரு டி (T) இணைப்பு போட்டு, காற்றை உள்ளே விட இன்னொரு சின்ன வால்வு. மரைகளில் எல்லாம் டெஃப்லான் டேப். பம்ப்பை நிறுத்தும்போது முதலில் பால் வால்வை மூடுங்கள், பிறகு ஸ்விட்ச். இல்லாவிட்டால் பம்ப்பின் எண்ணெய் ஹோஸுக்குள் ஏறி வரும். தானாக நின்று ஓடும் ஸ்விட்ச், ரிசர்வாயர் எல்லாம் முதல் பிரஸ்ஸுக்கு வேண்டாம்.

பை

0.5 முதல் 0.75 மி.மீ. தடிமனுள்ள வினைல் ஷீட். மெல்லிய பாலிதீனும் பிடிக்கும்தான், ஆனால் ஒரு கூர் முனை பட்டால் கதை முடிந்தது. இரண்டாக மடித்த பிறகு, அடியில் வைக்கும் பலகையைவிடச் சுற்றிலும் 15 செ.மீ. கூடுதலாக இருக்கும்படி வெட்டி, மடித்து, இரு பக்க ஓரங்களை 3 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வினைல் சிமென்ட்டால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும், நடுவில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

திறந்த பக்கத்தை மூட, ஒரு கம்பியில் பையின் வாயை ஒரு சுற்றுச் சுற்றி, நீளவாக்கில் கீறிய பிவிசி குழாயை அதன் மேல் அழுத்தி மாட்டினால் போதும். ஹோஸ் இணைக்க, அடியில் நட்டும் ரப்பர் வாஷரும் உள்ள டயர் வால்வு ஒன்றை வாங்கி, உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு, பையின் மேல் பக்கத்தில் ஓட்டை போட்டு முறுக்குங்கள்.

அடிப் பலகைக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), லேமினேட் ஒட்டியதாக இருந்தால் பசை ஒட்டாது. 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக 3 மி.மீ. ஆழத்துக்குக் கோடு இழுத்து, மூலைகளையும் ஓரங்களையும் நன்றாக உருட்டிவிடுங்கள். அந்தக் கோடுகள் அழகுக்கு இல்லை. பை சப்பியதும் வால்வைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் காற்றை வெளியே விடாது. கோடுகளும், வால்வுக்கு அடியிலிருந்து அவற்றில் ஒன்று வரை நீளும் ஒரு பிளாஸ்டிக் வலைத் துண்டும்தான் அந்தக் காற்றுக்கு வழி.

கசிவுச் சோதனை

பசையைத் தொடுவதற்கு முன் அடிப் பலகையை மட்டும் உள்ளே வைத்து 25 அங்குலத்துக்கு இழுத்து, வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். முள் ஒரு அங்குலம் இறங்கினால் பரவாயில்லை, ஐந்து இறங்கினால் வேலை இருக்கிறது. சோப்புத் தண்ணீரை இப்போது தடவிப் பயனில்லை, காற்று உள்ளேதான் போகிறது, குமிழி வராது. ஒரு டியூபின் முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒட்டின ஓரம் முழுக்க நகர்த்துங்கள், சீறல் கேட்கும். அதிலும் சிக்காவிட்டால் பையில் வாயால் கொஞ்சம் காற்று ஊதி, அப்புறம் சோப்பு தடவுங்கள். பெரும்பாலும் ஆள் பிடிபடுவது வாய்ப்பக்கத்து மூலையில்தான். மலைப் பகுதியில் இருந்தால் ஒன்று: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் மீட்டர் காட்டக்கூடிய உச்சம் சுமார் ஒரு அங்குலம் குறையும், பம்ப்பைத் திட்டாதீர்கள்.

ஒட்டுவது

பசையைப் பலகையில் மட்டும் ரோலரால் மெல்லிசாக, இடைவெளி இல்லாமல் தடவுங்கள். வெனீரில் தடவினால் அது உடனே சுருண்டுகொள்ளும். வெனீர் சுற்றிலும் 5 மி.மீ. வெளியே நீண்டிருக்கட்டும், நகராமல் நாலு இடத்தில் மாஸ்கிங் டேப். மேலே பாலிதீன் தாள், அதற்கு மேல் பலகையின் அளவிலேயே 6 மி.மீ. எம்டிஎஃப் ஒன்று. பின்பக்கத்திலும் வெனீர் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை கொஞ்ச நாளில் வளைந்து நிற்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் ஒட்டலாம், அடியிலும் ஒரு பாலிதீன் தாள் போட்டால் சரி.

சமமான பலகைக்கு வெள்ளைப் பசை போதும், பைக்குள் ஒன்றிரண்டு மணி நேரம். வளைவான வேலைக்கு யூரியா ரெசின் அல்லது எபாக்ஸி, ஏனென்றால் வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் மெல்ல நகரும். ரெசினுக்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள், அறையில் காற்றோட்டமும் இருக்கட்டும். உள்ளே கூடாக இருக்கும் பெட்டி மாதிரி எதையும் பைக்குள் வைக்காதீர்கள், அந்த இரண்டு டன் அதை நசுக்கிவிடும்.

பைக்குள் பசையின் ஈரம் ஆவியாக வழியில்லை, அது மரத்துக்குள்தான் இறங்கும். அதனால் வெளியே எடுத்ததும் தேய்க்க உட்காராமல், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி செங்குத்தாக ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் நகத்தால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாத இடம் சத்தத்திலேயே தெரியும். அங்கே மரத்தின் ரேகையோடு பிளேடால் கீறி, ஊசியால் கொஞ்சம் பசை விட்டு, மறுபடி பைக்குள் போட்டுவிடுங்கள்.