முழங்கை வலி இல்லாம ட்ரைசெப்ஸ் (மேல்கையோட பின்பக்க தசை) டம்பெல், என் அனுபவம்

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டு கராஜ்ல தான் ஆரம்பிச்சேன், ஒரே டம்பெல்ல ரெண்டு கையால பிடிச்சு தலைக்கு மேல தூக்கி பின்பக்கம் இறக்குற எக்ஸர்சைஸ், எடுத்த எடுப்புலயே 10 கிலோ, ரெண்டாவது வாரமே முழங்கை சுருக்குனு வலி, சட்டை மாட்டக்கூட கை தூக்க முடியல. கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தப்போ தான் தெரிஞ்சுது, முழங்கை ரெண்டும் வெளிய விரியுது, இடுப்பு வில்லு மாதிரி வளையுது.

வலி முழுசா போற வரைக்கும் தொடவே இல்ல. அப்புறம் 3 கிலோ, சாய்மானம் உள்ள நாற்காலி, பாதம் ரெண்டும் தரையில. மேல் தட்டோட அடிப்பக்கத்த ரெண்டு உள்ளங்கையும் தாங்கணும், கட்டைவிரல் கம்பிய சுத்தி இருக்கணும், இத விட்றாதீங்க, நம்மூர் ஜனவரி புழுக்கத்துல கை வேர்த்து வழுக்கும், கீழ இருக்கறது நம்ம தலை. கழட்டி மாட்டுற தட்டுன்னா ஒவ்வொரு செட்டுக்கு முன்னாடியும் திருகாணிய இறுக்கிப் பாருங்க. மேல்கை காது பக்கத்துல அசையாம நிக்கணும், முழங்கை மட்டும் மடங்கணும், மூணு எண்ணி இறக்கி மூச்ச விட்டுட்டே ஏத்துங்க. 10 தடவை, 2 செட் போதும். தோள் இறுகி கை காது கிட்ட வரலைன்னா கட்டாயப்படுத்தாம கிக்பேக் (முன்னாடி குனிஞ்சு, மேல்கைய உடம்போட ஒட்டி வச்சு, முழங்கைய மட்டும் பின்பக்கமா நீட்டுறது) பண்ணுங்க. இப்ப ஆறு மாசம் ஆச்சு, 6 கிலோ தூக்கறேன், வலி இல்ல.