ரணகள்ளித் தொட்டியில் ரெட் பியரோ: வீட்டிலேயே பட்டாம்பூச்சி வளர்க்கலாம்

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். உங்கள் வீட்டிலேயே முட்டையிட வேண்டுமென்றால் அதன் புழு தின்னும் செடி வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் தேர்வு ரெட் பியரோ. இறக்கை விரித்தாலே மூன்று, மூன்றரை செ.மீ.தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சகஜமாகத் தென்படும்.

1. செடி

ரணகள்ளி. கிராமத்தில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றால் சட்டென்று புரியும். தெரிந்தவர் வீட்டிலிருந்து நாலு இலை வாங்கி, மணல் கலந்த ஈர மண்மேல் கிடத்துங்கள். இலை விளிம்பிலிருந்தே கன்றுகள் முளைக்கும். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அதனால் இலை வாங்குவதே மேல். ஒரே தொட்டி போதாது, நாலைந்தாவது வேண்டும்.

2. இடம்

புதர்க்காட்டு ஓரம், பாறைச் சரிவு, வேலியோரம் என்று ரணகள்ளி இனச் செடிகள் இருக்கும் இடத்தை ஒட்டியே ரெட் பியரோ வாழும். உயரப் பறக்காது. எனவே மொட்டை மாடியைவிட வாசலோரம் நல்லது. பக்கத்தில் வெட்டுக்காயப் பூண்டு தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள், தேனுக்கு ஆகும். ஆடு மாடு இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். ரணகள்ளி அவற்றுக்கு விஷம்.

3. அடையாளம்

இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள், பின்னிறக்கை ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை, நுனியில் மெல்லிய வால். விரித்தால் மேல்புறம் கறுப்பு, பின்னிறக்கையில் மட்டும் செம்மஞ்சள் திட்டு. மெதுவாகத்தான் பறக்கும் என்பதால் போன் கேமராவே போதும்.

4. இலையை வெளிச்சத்தில் பிடியுங்கள்

முட்டை தனித்தனியாக, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருக்கும். பொரித்த புழு இலைக்குள்ளேயே துளைத்துப் போய்விடும். மேல்தோல், கீழ்த்தோல் இரண்டையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள சதையை மட்டும் தின்னும். அந்த இடம் வெளிறிப்போய் எண்ணெய்க் காகிதம் மாதிரி ஆகும். சூரியனுக்கு நேரே பிடித்தால் உள்ளே புழுவும், அதன் பின்னால் கரும்புள்ளிகளாக எச்சமும் தெரியும். பலர் இதை நோய் என்று நினைத்து இலையைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம். ஒரு இலை தீர்ந்தால் புழு அடுத்ததற்குப் போகும், செடி மொட்டையாகவும் கூடும்.

5. கூட்டுப்புழு

நன்கு வளர்ந்த புழு வெளியே வந்து இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொள்ளும். கூட்டுப்புழு வெளிர்நிறம், மேலே கரும்புள்ளிகளும் மெல்லிய மயிரும் இருக்கும். தொடாமல் விடுங்கள், டப்பாவில் அடைக்கவும் வேண்டாம்.

மொட்டையான தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து விட்டால் தண்டு மறுபடி துளிர்க்கும். அதுவரை புழுக்களுக்கு மற்றத் தொட்டிகள்.