பேக்கேஜ் கோப்புகள் செக்சம்மில் அடிபடாமல் இருக்க அப்பாச்சி அமைப்பு

டார் ஜிஸிப் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கியது) ஏற்றிவிட்டோம், ஆனால் இறக்கிப் பார்த்தால் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) பொருந்தவில்லை என்றால் கோப்பைச் சந்தேகிக்கும் முன் அப்பாச்சி வெப் சர்வர் அனுப்பும் ஹெடரை (பதிலோடு வரும் விவரக் குறிப்பை) பாருங்கள். டெர்மினலிலிருந்து சர்வரைக் கேட்கும் கர்ல் கட்டளையில் 'ஆக்செப்ட்-என்கோடிங்: ஜிஸிப்' என்ற ஹெடரையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் கேட்டால் அனுப்பும்போது சுருக்கும் அமைப்பு வேலையே செய்யாது, அதனால் வரும் கோளாறு தெரியாமல் போகலாம்.

பதிலில் 'கன்டென்ட்-என்கோடிங்: எக்ஸ்-ஜிஸிப்' என்றோ வெறும் 'ஜிஸிப்' என்றோ வந்தால் அதுதான் கோளாறு. கோப்பே ஜிஸிப் என்று சொல்லாமல், வழியில் மட்டும் சுருக்கினேன் என்று சர்வர் சொல்கிறது. அதை நம்பிச் சில கிளையன்ட்கள் (கோப்பை இறக்கும் நிரல்கள்) விரித்துவிட்டு வெறும் டார் கோப்பைச் சேமிக்கும், பேக்கேஜ் கட்டும் கருவி அதை மறுத்துவிடும்.

தீர்வு எளிது. அப்பாச்சி அமைப்பில், இந்தக் கோப்புகள் இருக்கும் டைரக்டரிக்கு மட்டும் 'ரிமூவ்-என்கோடிங்' வரியில் ஜிஇசட், டிஜிஇசட் நீட்சிகளைப் போடுங்கள், 'ஆட்-டைப்' வரியில் அவற்றுக்கு 'அப்ளிகேஷன்/ஜிஸிப்' என்ற வகையைக் கொடுங்கள். அப்புறம் அனுப்பும்போது சுருக்கும் அப்பாச்சி பகுதியான மோட்-டிஃப்ளேட் இவற்றைத் தொடாதபடி 'நோ-ஜிஸிப்' மாறியையும் வையுங்கள். ஏற்கனவே சுருங்கியதை மறுபடி சுருக்குவது சிபியுவுக்கு வீண் வேலை. சுருக்கத்தை மொத்தமாக அணைக்காதீர்கள், எச்டிஎம்எல் பக்கங்களுக்கு அது பயன்படும்.

சர்வரை ரீலோட் செய்து, அதே கர்ல் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். சர்வருக்கு முன்னால் கேஷ் (பழைய பதில்களைச் சேமித்து வைத்துத் தருவது) இருந்தால் அதையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய ஹெடரே வந்துகொண்டிருக்கும்.