கம்பெனி பாண்ட் வாங்கும் முன் ஒரு மணி நேரம்: எதை, எங்கே பார்ப்பது?

போன வாரம் சித்தப்பாவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒரு கம்பெனி பாண்ட், அதாவது கம்பெனி நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டு தரும் பத்திரம். 11% வட்டி, ‘ஏ’ ரேட்டிங் (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பெண்), செக்யூர்டு (சொத்து ஈடு உண்டு). கூடவே, “பேங்க் எஃப்டியை உடைச்சு இதுல போட்டுடவா?” என்று ஒரு கேள்வி. ஒரு மணி நேரம் பொறுங்க சித்தப்பா என்று சொல்லிவிட்டு என்னவெல்லாம் பார்த்தேனோ, அதுதான் இந்தப் பதிவு. தனி ஒதுக்கீட்டில் (பொது வெளியீடாக இல்லாமல், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும்) வரும் பாண்டுகளின் முகமதிப்பு, அதாவது ஒரு பாண்டுக்கான அடிப்படைத் தொகை, முன்பு 10 லட்சம் ரூபாய். 2023இல் அது 1 லட்சமாகி, 2024இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 10,000 வரை இறக்க அனுமதித்தது. அதனால்தான் இதெல்லாம் இப்போது நம் போனுக்கே வருகிறது.

படி 1: ஐஎஸ்ஐஎன் எண்ணை வாங்குங்கள்

ஒவ்வொரு பாண்டுக்கும் தனியாக இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளம் அது. கம்பெனி பெயரை வைத்துத் தேடினால் ஒரே கம்பெனியின் இருபது பாண்டுகள் வந்து நிற்கும், குழப்பம்தான் மிச்சம். பங்கு, பாண்டுகளை டீமேட் வடிவில் வைத்திருக்கும் அமைப்பான என்எஸ்டிஎல் நடத்தும் ‘இந்தியா பாண்ட் இன்ஃபோ’ தளத்தில் இந்த எண்ணைப் போட்டால் வட்டி, முதிர்வுத் தேதி, ரேட்டிங், டிபெஞ்சர் டிரஸ்டி (பாண்ட் வாங்கியவர்கள் சார்பில் கம்பெனியைக் கண்காணிப்பவர்) யார் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எண்ணைத் தர மழுப்புகிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

விற்கும் ஆப் செபியில் பதிவானதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பணம் கிளியரிங் கார்ப்பரேஷன் (எக்ஸ்சேஞ்ச் வியாபாரத்தில் பணத்தையும் பாண்டையும் கைமாற்றித் தரும் அமைப்பு) கணக்குக்குப் போக வேண்டும், யாரோ ஒருவரின் ஜிபேவுக்கு அல்ல.

படி 2: ரேட்டிங்கைப் படியுங்கள், எழுத்தை மட்டும் அல்ல

‘ஏ’ என்றதும் முதல் ரேங்க் மாதிரி தோன்றும். ஏணியில் அதற்கு மேலே ட்ரிபிள் ஏ, டபுள் ஏ பிளஸ், டபுள் ஏ, டபுள் ஏ மைனஸ், ஏ பிளஸ் என ஐந்து படிகள் இருக்கின்றன. கீழே டிரிபிள் பி மைனஸுக்குக் கீழ் போனால் முதலீட்டுத் தரமே கிடையாது. கடைசிப் படி ‘டி’. ஒரு ரூபாய் பாக்கி, ஒரு நாள் தாமதம் என்றாலும் அங்கேதான்.

இந்த மதிப்பெண்ணுக்குக் காசு கொடுப்பது பாண்டை விற்கும் கம்பெனியேதான். பரீட்சை எழுதுகிற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற கதை. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் தந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில்கூட ட்ரிபிள் ஏ, செப்டம்பரில் டி. வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் 2019 ஜனவரியில் ட்ரிபிள் ஏ, ஜூனில் டி. மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு விற்றுவிட்டு வெளியேறவே நேரம் கிடைக்கவில்லை.

அதனால் ரேட்டிங் நிறுவனத்தின் தளத்துக்கே போய் அந்தக் கம்பெனி பற்றிய அறிக்கையைத் திறங்கள். நான்கைந்து பக்கம்தான். முதலில் தேதி, சித்தப்பா அனுப்பிய படத்தில் இருந்தது பதினாலு மாதப் பழசு. அப்புறம் ‘அவுட்லுக்’ (ரேட்டிங் இனி எந்தப் பக்கம் போகலாம் என்ற கணிப்பு) எதிர்மறையாக இருக்கிறதா, ‘கம்பெனி ஒத்துழைக்கவில்லை’ என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். கையிருப்புப் பணம், அடுத்த ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய கடன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பத்திதான் ரேட்டிங்கைவிட முக்கியம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கம்பெனி ஏற்க மறுத்த ரேட்டிங்குகளையும் ரேட்டிங் நிறுவனம் தன் தளத்தில் போட வேண்டும் என்பது செபி விதி. ஒரு நிறுவனம் குறைவாகப் போட்டதும் அடுத்த கடைக்குப் போனார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 3: விலை

10,000 ரூபாய் பாண்ட், 11% வட்டி, இரண்டு வருடம் பாக்கி. உங்களுக்கு 10,300க்கு விற்றால், முடிவில் 10,000தான் திரும்பி வரும் என்பதால், உண்மையான வருமானம் வருடத்துக்கு சுமார் 9.3% தான், 11 அல்ல. எக்ஸ்சேஞ்சுக்கு (பங்குச்சந்தைக்கு) வெளியே நடக்கும் வியாபாரத்தையும் 15 நிமிடத்துக்குள் பதிய வேண்டும் என்று விதி இருப்பதால் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்பதை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லையா? அவசரத்துக்கு விற்க முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ‘செக்யூர்டு’ என்றால் எதன் மேல்?

வெளியீட்டு ஆவணத்தில் தேடுங்கள். ஈடாக இருப்பது நிலமா, கம்பெனிக்கு வரவேண்டிய கடன்களா, அதன் மதிப்பு பாண்ட் தொகையைப்போல் எத்தனை மடங்கு? எஃப்டிக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. ரேட்டிங் குறைந்தால் வட்டி கூடும் என்று சில ஆவணங்களில் ஒரு வரி இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா இன்னும் வாங்கவில்லை. எஃப்டி நவம்பரில்தான் முடிகிறதாம், அதற்குள் புது அறிக்கை வருகிறதா பார்க்கிறேன் என்கிறார்.